முதல் கிழங்கு

அழுகல் நோயைத் தாங்கும் புது மஞ்சள் ரகத்தின் முதல் கிழங்கை நடுவதற்குச் செங்கோடக் கவுண்டரைத்தான் அழைத்தார்கள். எட்டு வருடங்களுக்கு முன், விற்கும் மூட்டைக்குப் பத்து ரூபாய் ஆராய்ச்சிக்கெனப் பிடிக்கும் சட்டம் வந்தபோது, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றவர் அவர். "நம்ம பயிருக்கு நாம குடுக்காம எவன் குடுப்பான்? எங்க குடும்பம் குடுக்குது. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். ஊரே கொடுத்தது; அந்தப் பணத்தில்தான் இந்தப் புது ரகம் உருவானது. விருப்பமில்லாதவர்கள் எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதே சட்டத்தில் ஒரு வழியும் இருந்தது. அந்த வருடம் அவருடைய வயலில் பாதி அழுகிப்போனது. வெளியில் சொல்லக் கூசி, யாருக்கும் தெரியாமல் டவுனுக்குப் போய் எழுதிக் கொடுத்துத் தன் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் நன்றாகவே விளைந்தது. அப்போதும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

"குனிய முடியுதுங்களா மாமா, இல்ல தூக்கிப் புடிக்கோணுமா?" என்று சிரித்தாள் அரை ஏக்கர்க்காரி பூவாத்தாள்.

அவர் கிழங்கை அவளிடம் நீட்டினார். "நீயே நடு."

"நல்லாச் சொன்னீங்க போங்க! நீங்க குடுக்கறீங்கன்னுதானே நானும் குடுத்தேன். கைராசி உங்க வீட்டுதுங்க."

செங்கோடக் கவுண்டர் குனிந்தார். கிழங்கோடு கை குழிக்குள் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். மண்ணுக்குள் அவருடைய விரல்கள் இன்னும் கிழங்கை விடவில்லை.