பாடு இல்லாதவன்

"பாடுன்னா சிங்களத்துல நஷ்டமாம் மாமா! தெலுங்குல கெட்டுப்போனதுன்னு அர்த்தமாம். மலையாளத்துல தழும்பு!"

இளவரசி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அர்ஜுனன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தியில?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன்றாரு. கேட்டா சிரிக்கிறாரு. ஏதோ காத்து பிரியற சமாச்சாரமாம்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அர்ஜுனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாளாக வாயைத் திறந்தால் பிரதாப்தான். மொழி ஆராய்ச்சியாம். ஒரே ஒரு சின்ன வார்த்தை பாஷைக்குப் பாஷை எப்படி மாறுகிறது என்று எழுத மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறானாம். இதற்கெல்லாம்கூட ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். போகட்டும், அவனுக்கு ஊர் ஊராக வழிகாட்ட இந்தக் குப்பத்தில் இவளை விட்டால் வேறு ஆளா இல்லை?

பழவேற்காடு ஏரியில் பாடு என்றால் ஒரே அர்த்தம்தான். யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்கிற முறை. அந்தப் பட்டியலில் பேர் இருந்தால் ஏரியில் பங்கு உண்டு. இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுக்க வேண்டியதுதான். அர்ஜுனன் ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறான்.

காரணம் அவனுடைய தாய்மாமன் தேசப்பன், அதாவது இளவரசியின் அப்பா. வீட்டில் மாமனாக இருக்கும்போது, "பாடு இல்லாதவனுக்குப் பொண்ணு இல்ல" என்பார். கோயில் வாசலில் ஊர்த் தலைவராக உட்கார்ந்தால், "கல்யாணம் ஆவாதவனுக்குப் பாடு இல்ல" என்பார். இரண்டையும் ஒரே வாயால் சொல்வதில் மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. இந்த வருஷப் பட்டியலிலும் அர்ஜுனன் பேர் ஏறாவிட்டால், இளவரசியைப் பொன்னேரி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. பட்டியல் எழுத இன்னும் இரண்டே நாள்.

அந்தக் கவலை இவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"நாளைக்கு அவரும் நானும் ஆந்திரா பக்கம் போறோம். எங்கம்மா பொறந்த ஊருக்கு" என்றாள்.

"பைக்குலயா?"

"பின்ன, நீந்தியா போவாங்க?"

"யாரு பின்னாடி யாரு குந்துவாங்க?"

"இன்னா கேள்வி மாமா இது? அவருக்கு வழி தெரியாது. நான் ஓட்டறேன், அவரு பின்னாடி குந்தட்டும். போதுமா?"

அது இன்னும் மோசமாகப் பட்டது அவனுக்கு.

மறுநாள் சாயங்காலம் வரை பஸ் நிறுத்தத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு டீ குடித்தான், இரண்டும் கசந்தன. நஷ்டம், கெட்டுப்போனது, தழும்பு. எல்லா பாஷைக்காரனும் கூடிப் பேசித் தன்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒருவழியாக பைக் வந்து நின்றது. இறங்கியதும் பிரதாப், "கலக்கிட்டீங்க!" என்று கையை நீட்டினான். அவளும் கொடுத்தாள். குலுக்கினார்கள். ஆறு வருஷத்தில் அர்ஜுனன் அந்தக் கையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

பிரதாப் அந்தப் பக்கம் போனதும் வெடித்தான். "ஒரே குஷியா கீற! பேசாம அவனையே கட்டிக்கோ. நான் காட்டுப்பள்ளி துறைமுகத்துல மூட்ட தூக்கப் போறேன்."

இளவரசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போ, வாணான்னு சொல்லல. நாளைக்குக் கோயிலாண்ட வந்துட்டுப் போ."

போகக் கூடாது என்றுதான் இருந்தான். கால் கேட்கவில்லை.

கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. தேசப்பன் நோட்டுடன் நடுவில் இருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு, அதில் பிரதாப்! கையில் சோடா வேறு. மாப்பிள்ளை உபசாரம்தான் என்று அர்ஜுனன் முடிவே கட்டிவிட்டான். பொன்னேரிக்காரனாவது தேவலை போலிருந்தது.

தேசப்பன் ஒவ்வொரு பேராகப் படித்தார். கடைசிப் பேருக்கு வந்ததும் தொண்டையைச் செருமினார். முகம் வேப்பெண்ணெய் குடித்தது போலிருந்தது.

"அர்ஜுனன்."

"மாமா, எனக்குத்தான் கல்யாணமே ஆவலியே!" என்று வாய் தவறிக் கத்திவிட்டான். கூட்டம் சிரித்தது.

"கத்தாதடா. எனக்கும் ஆவறதுக்கு முன்னாடிதான் பேரு ஏத்துனாங்க. பாடு இல்லாம பொண்ணு தர மாட்டேன்னு என் மாமனாரும் ஒத்தக்கால்ல நின்னாரு. கல்யாணத் தேதி குறிச்சா போதும்னு அன்னிக்குப் பெரியவங்க வுட்டுக் குடுத்தாங்க. முப்பது வருசமா நான் மூடி வச்சிருந்தத உங்க அத்த ஊர்ல பத்துப் பேரு புட்டுப் புட்டு வச்சிக்கீறாங்க, இந்தத் தம்பி செல்லுல புடிச்சினு வந்துட்டாரு. இனிமே உனக்கு மட்டும் இல்லன்னு எந்த வாயால சொல்றது?" மகளை முறைத்தார். "இவரு வார்த்த தேடறாருன்னு நெனச்சேன். கூடப் போனவ என் வண்டவாளத்தத் தேடிகினு இருந்துகீறா!"

அர்ஜுனன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "அப்ப... தேதி?"

பெண்கள் பக்கமிருந்து இளவரசியின் குரல் வந்தது.

"அடுத்த மாசம் பன்னெண்டு மாமா. அன்னிக்கு எவன் படகுலயும் கூலிக்கு ஏறித் தொலைக்காத!"