ஆளுக்கு மூன்று நிமிடம்

“இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் அடுத்த வருடம் என் வயலில் புல்கூட முளைக்க வேண்டாம்” என்று வேத புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். கிழக்கு ஓரிகானில், எங்கள் டெல்வின் ஊரில், நாலு வருடத்துக்கு முன் நடந்தது. அன்று ஓட்டுப் போடும் நாள்.

“இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிட்டு இருங்களேன், வெர்லின்” என்றாள் நோரீன், ஊர்ப் பொதுக்கூடத்து வாசலில் வழிமறித்துக்கொண்டு.

சங்கதி இதுதான். ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் நர்சிங் படிப்புக்கு ஒரு கட்டடம் கட்ட வேண்டும். அதற்கு நிலவரியை ஏற்ற வேண்டும். ஏற்றலாமா கூடாதா என்று ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும்.

நோரீனுக்கு நாற்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிடுகிற வேலை. நர்ஸாக வேண்டுமென்று பதினைந்து வருட ஆசை. படிப்பு இருந்ததோ தொண்ணூறு மைல் தள்ளி. பனிக்காலத்தில் அந்த மலைப்பாதையைப் பாதி நாள் மூடிவிடுவார்கள். கட்டடம் வந்தால் படிப்பாள். வராவிட்டால் அந்த ஆசை அத்தோடு சரி.

வெர்லின் டகெட்டுக்கு எண்பத்தொன்று. எண்ணூறு ஏக்கர் கோதுமை. தீயணைப்பு வண்டிக்கு வரி, நூலகத்துக்கு வரி, கொசு மருந்துக்கு வரி, எல்லாவற்றையும் எதிர்த்த மனுஷன். கொசு வரி தோற்றபோது கொசுக்களே கூட்டமாக அவர் வீட்டுக்கு நன்றி சொல்ல வந்ததாக ஊரில் மிகைப்படுத்துவார்கள். நான் பார்த்தேன், இரண்டுதான் வந்தன.

நோரீனின் கோபத்தில் நியாயம் இருந்தது. முந்தைய பனிக்காலத்தில் வெர்லினின் மனைவி அல்மா படுக்கையில் கிடந்த நாலு மாதமும் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

“அல்மாவுக்கு வலி வந்தப்ப ஊசி போட நர்ஸ் வந்துசேர ரெண்டு நாள் ஆச்சு. மறந்துபோச்சா?”

“மறக்கலைம்மா. வரி வேற விஷயம்” என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே கல்லூரிக் குழுவின் பொதுக்கூட்டம். மாலை மூன்றரை மணி. யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். தலைவி கிளாரிஸ், முட்டை வேகவைக்கும்போது வைக்கிற கோழி வடிவ மணியைத் திருகி வைப்பாள். கோழி அலறினால் உட்கார்ந்துவிட வேண்டும். பேசப் பிடிக்காதவர் தன் மூன்று நிமிடத்தை இன்னொருவருக்குத் தரலாம். ஆனால் தந்தவர் கூடத்திலேயே இருந்தாக வேண்டும். எழுந்து போனால் அவர் நிமிடமும் கூடவே போய்விடும்.

வரி வேண்டாம் என்ற கட்சியில் தொண்ணூற்று நாலு பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் தங்கள் நிமிடத்தை வெர்லினுக்கே தந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, ஒரே ஊர்வலமாக வாக்குச்சாவடிக்குப் போய் ‘வேண்டாம்’ என்று குத்திவிடுவதாக ஏற்பாடு. சாவடி எட்டு மணிக்கு மூடும். நிமிடங்களை யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

வெர்லின் தன் தாத்தா எருதுக்குக் கட்டிய வரியிலிருந்து தொடங்கினார். ஐந்து மணிக்கு அந்த எருது செத்தது. ஆறு மணிக்கு அப்பா பிறந்தார். கல்லூரி என்ற சொல் இன்னும் பேச்சில் வரவே இல்லை. ஆனாலும் கை தட்டினார்கள்.

ஏழே காலுக்கு மாட்டுக்கார ஹாங்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“வெர்லின், நாங்க ஓட்டுப் போடப் போகணும்ப்பா.”

“போயேன் ஹாங்க். உன் மூணு நிமிஷத்தையும் எடுத்துட்டுப் போ. நான் இப்பதான் விஷயத்துக்கே வர்றேன்.”

முதலில் எழுந்து போனவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு டெல்வினில் ஒருவன் குடித்தனம் நடத்த முடியாது. ஹாங்க் உட்கார்ந்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டே காலுக்குக் கோழி அலறியது. வெளியே வண்டியில் சினையாக நின்ற ஹாங்க்கின் பசு கன்று போட்டு, கன்று எழுந்து நடந்துகொண்டிருந்தது.

வரி அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தது.

கூடம் காலியான பிறகு, நாலே முக்கால் மணி நேரம் பேசிய வியர்வையில் வெர்லின் கோட்டைக் கழற்றினார். சட்டைப் பையின் மேல், சாவடியில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தருகிற ‘ஓட்டுப் போட்டாச்சு’ என்ற வட்டச் சீட்டு ஒட்டியிருந்தது. நோரீன் அதையே பார்த்தாள்.

“எப்பப் போட்டீங்க?”

“காலைல ஏழு மணிக்கு. முதல் ஆள்.”

“எந்தப் பக்கம்?”

வெர்லின் சீட்டை மெல்லப் பிய்த்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார்.

“அல்மா ரெண்டு நாள் காத்துக்கிட்டிருந்தா. இவனுங்க ஒரு சாயங்காலம் காத்திருந்தா தேய்ஞ்சா போயிடுவானுங்க? வெளியே சொல்லிடாதேம்மா, எனக்கு ஊர்ல ஒரு பேர் இருக்கு.”

கட்டடம் இன்றும் நிற்கிறது. நோரீன் இப்போது நர்ஸ். போன செவ்வாய்க்கிழமைகூட எனக்கு ஊசி போட்டாள், வலிக்கவே இல்லை.

இன்னும் ஒன்று: ஓரிகானில் இருபத்தைந்து வருடமாக எல்லோரும் ஓட்டைத் தபாலில்தான் போடுகிறோம், டெல்வினில் வாக்குச்சாவடியே கிடையாது.