மூன்று திரைகளில் அப்பா

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் மூன்று லேப்டாப்கள் திறந்திருக்கின்றன. அவள் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஒரே வீடியோவை மூன்றிலும் ஏற்றி, எது வேகம் என்று விற்பனையாளர் காட்டுகிறார். போன மாதம் இறந்துபோன அப்பா மூன்று திரைகளிலும் சோபாவுக்கு அடியில் செருப்பைத் தேடிக் குனிகிறார். அப்பாவின் இதுபோன்ற வீடியோக்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கத்தான் லேப்டாப். கூட வந்திருக்கும் தம்பி கேம் ஆடவும் அது உதவ வேண்டும். முதலாவதில் மட்டும் அப்பா திக்கித் திக்கி அசைகிறார். "இது இழுக்குது மேடம். உங்க பட்ஜெட்டுக்கு நடுவுல இருக்கறதுதான் சரி." "அதுல கேமும் ஓடும்க்கா. இது ஆமைக்கே அண்ணன்," என்கிறான் தம்பி. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஏசியின் குளிர் மட்டும் விரல் நுனிகளில் தெரிகிறது. நடுவில் உள்ளதைக் கைகாட்டுகிறாள். விற்பனையாளர் வலது கோடியிலிருந்து வீடியோவை அழித்துக்கொண்டே வருகிறார். "கஸ்டமர் ஃபைலை டிஸ்ப்ளே பீஸ்ல விட்டுவைக்க மாட்டோம் மேடம்." இரண்டு திரைகள் வெறும் நீலமாகின்றன. முதலாவதில் அப்பா கையில் செருப்போடு பாதி குனிந்தபடியே இருக்கிறார். "அவர் நிமிரட்டும்," என்கிறாள் அவள். விற்பனையாளர் விசையிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறார்.