மானுக்கு மணக்கக் கூடாது

"கையை நீட்டும், தம்பி."

றொனால்ட் நீட்டினான். செபமாலைமுத்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். சேட்டுக் கையையும் விடவில்லை. விடிந்து அரை மணித்தியாலம்தான். லண்டனிலிருந்து ஒரு மணி நேரம் காரில் வந்து, ஒரு காட்டின் ஓரத்தில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் இருவரும் குந்தியிருந்தார்கள்.

"என்ன சோப் போட்டனீர்?"

"சோப்பே போடேல்லை அங்கிள். அப்பச்சோடா கரைச்சுக் குளிச்சனான். உடுப்பும் அதிலைதான் தோய்ச்சது."

"சென்ற்?"

"இல்லை."

"வாய்க்குள்ளை மின்ற், சூயிங்கம் ஏதும்?"

"இல்லை அங்கிள். பல்லும் அப்பச்சோடாவாலைதான் தீட்டினனான்."

"நல்லது. மான் உம்மைக் காண முந்தி மணந்துபோடும். ஒரு துளி சென்ற் காணும், அரை மைல் தள்ளி நிக்கும்."

றொனால்டுக்கு அது தெரியும். இணையத்தில் தேடிப் படித்து, கொப்பியில் அட்டவணை போட்டு, செய்ததற்கெல்லாம் சரி அடையாளம் இட்டிருந்தான். அப்படியும் எதையோ தவறவிட்டதுபோலவே இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனும் செபமாலைமுத்துவின் மகள் டிலக்சனாவும் நான்கு வருடமாகக் காதலிக்கிறார்கள். போன மாதம் வடக்கு லண்டனில், எட்மண்டனில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போய்க் கலியாணம் கேட்டான். "நான் மான் வேட்டைக்குப் போறனான். ஒருக்கா வாரும்," என்று மட்டும்தான் அவர் சொன்னார். பிறகு தொலைபேசியில் விதிகள் வந்தன. முதல் தரம் சுடத் துவக்கு இல்லை. மூன்று நாளைக்கு உடம்பில் எந்த வாசனையும் பூசக் கூடாது. மனித மணம் பிடிக்காமல் மான் பத்து யார் தூரத்துக்கு வந்தால், கலியாணக் கதையை மேற்கொண்டு கதைக்கலாம்.

"உம்மடை வீட்டிலை கறி மணம் பிடிச்சிருக்குமே?" என்று கேட்டார்.

"அதைத்தான் அங்கிள் சொல்ல வந்தனான். புதன்கிழமை அம்மா மிளகாய்த்தூள் வறுத்தவா. லூயிஷாமிலை பாதிச் சனம் தும்மியிருக்கும். நான் மூண்டு இரவும் காருக்குள்ளை படுத்தனான்."

"சாப்பாடு?"

"அவிச்ச உருளைக்கிழங்கு. உப்பில்லாமல்."

செபமாலைமுத்து அவனைத் திரும்பிப் பார்த்தார். "உப்பு மணக்காது, தம்பி."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன் அங்கிள். ஆனால் நிச்சயமாத் தெரியேல்லை."

பிறகு றொனால்ட் தொண்டையைச் செருமினான். "இன்னொண்டும் சொல்லவேணும். வியாழக்கிழமை கோயிலுக்கு ஆராதனைக்குப் போகேல்லை. சாம்பிராணி போடுவினம்."

தேவாலயப் பங்குச்சபையில் செபமாலைமுத்து பெரிய ஆள். அவர் தாடையைச் சொறிந்தார். "அதை அன்ரிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். இனிச் சத்தமாக் கதைக்கப்படாது. ஏதும் கேக்கிறதெண்டால் கிட்ட வந்து மெல்லமாக் கேளும்."

றொனால்ட் அவர் முகத்தருகே குனிந்தான். "காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குது அங்கிள்?"

செபமாலைமுத்து கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "இன்னொருக்காச் சொல்லும்."

"காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குது அங்கிள்?"

"ம். நல்லாத்தான் அடிக்குது."

ஒரு மணித்தியாலம் போனது. மான் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயோடு வந்தாள். நாய் றொனால்டிடம் வந்து, அவனை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் கிடந்த மரத்தை ஆறுதலாக முகர்ந்துவிட்டுப் போனது.

"நாய்கூட உம்மைக் கணக்கெடுக்கேல்லை," என்றார் செபமாலைமுத்து. அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

எட்டரை மணியானது. றொனால்டின் கால்கள் விறைத்துப்போயின. புல்லில் ஏதாவது அசைந்தாலே எட்டிப் பார்த்தான். எல்லாம் காற்றுத்தான்.

"நான்தான் பிழை அங்கிள்," என்றான் கடைசியில். "ஏதோ ஒண்டை விட்டிட்டன். இன்னும் ஒரு கிழமை தாங்கோ. கிழங்கையும் விடுறன்."

"எழும்பும். இனி மான் வராது."

அவர் களிசானில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டு முன்னே நடந்தார். நான்கு வருடம் அந்த மரத்தடியில் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு றொனால்ட் பின்னால் போனான். டிலக்சனாவுக்கு என்ன சொல்வது? மான் வரவில்லை, அதனால் கலியாணமும் இல்லை என்றா?

கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் செபமாலைமுத்து மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். றொனால்ட் நாலடி தள்ளி நின்று, சப்பாத்தில் இருந்த சேற்றைத் துடைப்பதுபோலக் காதைக் கொடுத்தான்.

"பியற்றிஸ், பிள்ளையை எழுப்பு. நான் ஓமெண்டு சொன்னதெண்டு சொல்லு." அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "வடிவாப் பாத்திட்டன். இவன் வீட்டை வரேக்கை பூசுற சென்றிலை ஒண்டும் பிடிபடுறேல்லை எண்டுதானே இவ்வளவு பாடு. இண்டைக்கு விரல், வாய், சேட்டு எல்லாம் மணந்து பாத்தாச்சு. சிகரெட்டும் இல்லை, சாராயமும் இல்லை. என்னது, மானோ? இந்தக் காட்டிலை எங்காலையப்பா மான்?"

சிகரெட் மணத்தை இரண்டு கிழமைக்குப் பிறகும் மான் பிடித்துவிடும் என்று எங்கோ படித்துப் பயந்து, பதினாறு நாளுக்கு முன் தன் கடைசிச் சிகரெட்டை அணைத்திருந்த றொனால்ட், சப்பாத்தைத் துடைத்தபடியே நின்றான். இனி ஆயுள் முழுக்க, நாளை விடிய மான் வேட்டைக்குப் போகிறவனாகவே வாழ வேண்டியிருக்கும் என்று அவனுக்கு விளங்கியது.