மூன்றாவது பாட்டில்

"நான் குடிச்ச கதையை ஊரே படிக்கணுமா, நோரீன்?"

அம்மா ஆலிவ் கேட்டது ஒரே ஒருமுறைதான். அன்றே நோரீன், அம்மா ஒளித்துவைத்த ஜின் மதுப் பாட்டில்களைப் பற்றி எழுதிய கவிதையை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். தான் மனநல மருத்துவமனையில் இருந்த நாட்களை மட்டும் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆலிவ் பாஸ்டனிலிருந்து வருவாள். இன்று அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தபால் வந்தது.

"உறை மெல்லிசா இருக்கு!" என்று கணவன் வெண்டல் கத்தினான். கவிதையை ஏற்காமல் திருப்பி அனுப்பினால்தான் உறை தடித்திருக்கும். "இந்தத் தடவை உன் கவிதையில மாட்டினது யாரு, நானா?"

நோரீன் அவசரமாகப் பிரித்தாள். 'பியானோவுக்குள் மூன்று ஜின் பாட்டில்' என்ற வரிக்காகவே கவிதையை ஏற்பதாக ஆசிரியர் எழுதியிருந்தார். அது இழுப்பறைக்குள் கிடந்த அதே கவிதை. அம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

"வெண்டல், நீயா இதை அனுப்பினே?" என்றாள் மெதுவாக.

"ஸ்டாம்ப் எந்த டப்பால இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"நான் ரெண்டு பாட்டில்னுதானே எழுதினேன்?"

கவிதை அனுப்புகிறவர்தான் பதில் உறையிலும் தன் கையால் விலாசம் எழுதி வைக்க வேண்டும். நோரீன் உறையைத் திருப்பினாள். அவளுடைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளில் கையெழுத்துப் போட்ட அதே சாய்ந்த எழுத்து.

"அம்மா... மூணா?"

ஆலிவ் கையுறைகளை மாட்டினாள். மகளின் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டு, தலையை நிமிர்த்தியபடி வெளியே நடந்தாள்.