இரண்டாவது போர்ட்

பத்து வயதுக்குள் ஆடிய வீடியோ கேம்களின் பதிவைப் பார்த்துத்தான் அரசு ஒருவருக்குக் கைத்தரம் எழுதும். ஷெரினின் அண்ணன் ஜெபினுக்கு முதல் தரம், அறுவை மருத்துவராகிவிட்டான். அவளுக்கு நான்காம் தரம். புதுக் கருவிகளைத் தொட அனுமதியில்லாததால், நாகர்கோவிலில் கடை போட்டு, யாருக்கும் வேண்டாத பழசுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஜெபின் ஒரு சாக்குப்பொதியைக் கொண்டுவந்து வைத்தான்.

"நம்ம பழைய கேம் பெட்டி. பரணில் கிடந்துது. கன்ட்ரோலர் செருகுற ரெண்டாவது போர்ட்டை மட்டும் சரி பண்ணிக் குடு, என் பிள்ளைங்க ஆடட்டும்."

முப்பது வருடத்துக்கு முன் அம்மா போட்ட முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது. ஷெரின் அதை அவிழ்த்தாள். முதல் போர்ட்டில் ஒழுங்காக வேலை செய்த கன்ட்ரோலர், இரண்டாவதில் பத்து அழுத்தலுக்கு மூன்றை விழுங்கியது. பிரித்துப் பார்த்தால், அந்தப் போர்ட்டின் ஒரு கம்பிக் காலில் பற்றவைப்பு ஈயம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

மூத்தவன் என்று முதல் போர்ட் எப்போதும் அண்ணனுக்குத்தான். பட்டன் வேலை செய்யவில்லை என்று அவள் அழும்போதெல்லாம், "உன் கைதான் மந்தம்" என்று வீடே சிரிக்கும்.

நடுங்காத கையால் ஒரு சொட்டு ஈயம் வைத்தாள். இப்போது பத்து அழுத்தலும் பதிவானது.

பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கட்டே பிரிக்காமக் கொண்டுவந்திருக்க. ரெண்டாவதுதான் கெட்டதுன்னு உனக்கு எப்படி அண்ணா தெரியும்?"

அந்த முதல் தரக் கை பெட்டியை வாங்க நீளவே இல்லை.