எந்தத் தெரு?

அந்தக் கட்டம் போன வாரம் இல்லை. முத்துமீனா சத்தியமே பண்ணுவாள். அந்த ஃபாரத்தை வரிவரியாகச் சோதித்துப் பார்த்தவளே அவள்தான்.

திருநகரில், வாடகை வீடு பிடித்துத் தரும் வெப்சைட் நடத்துகிற ஆபீஸில் அவளுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில், புருஷன் சோலை பேரில் அவளே ஒரு வீட்டுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். மாசக்கணக்காக வீடு தேடி அலைகிறாள். போகிற இடத்தில் ஊரைக் கேட்பார்கள், அப்புறம் தெருவைக் கேட்பார்கள், அப்புறம் "வீடு நேத்தே முடிஞ்சிருச்சேம்மா" என்பார்கள். கம்ப்யூட்டராவது கேட்காது என்று நம்பி உட்கார்ந்தாள்.

டி. கல்லுப்பட்டி பக்கம் தன் கிராமத்துப் பேரை அடித்து, 'அடுத்து' என்பதை அமுக்கினாள். புதுசாக ஒரு கட்டம் வந்து நின்றது.

'ஊரில் எந்தத் தெரு?'

அடப்பாவிகளா, இங்கேயுமா!

ஊரை அழித்துவிட்டு, டவுனுக்குள் இருக்கிற ஆரப்பாளையம் என்று போட்டாள். கட்டம் இல்லை. மறுபடி கிராமத்துப் பேர். கட்டம் வந்துவிட்டது.

யாருக்கு எந்தக் கட்டத்தைக் காட்டுவது என்று சர்வரில் எழுதி வைக்கிறவன் ஒருத்தன்தானே? அருள்பாண்டி. வேலைக்கு வந்த அன்றைக்கே, அவன் கையில் கிடந்த ரெண்டு கலர் சாதிக் கயிறைப் பார்த்துவிட்டுத் தள்ளியே இருந்தவள் அவள்.

ஏற்கெனவே வந்திருந்த விண்ணப்பங்களைத் திறந்தாள். கிராமத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் நேரே மேலத்தெரு, மேலத்தெரு, மேலத்தெரு. மருந்துக்குக்கூட ஒரு காலனி இல்லை. அப்ப மத்தவங்க போட்டதையெல்லாம் என்ன செய்தான்?

நேரே முதலாளி உக்கிரபாண்டியிடம் போய்ச் சொன்னாள். ஆபீஸ் திறப்பு விழாவில், "சாதி பாக்குறவனுக்கு இங்க வேலை இல்ல" என்று மைக் பிடித்துப் பேசியவர் ஆயிற்றே.

"அப்படியா போட்டிருக்கான்?" என்று நெற்றியைச் சுருக்கினார். "இந்தக் காலத்துப் பயலுக புத்தியப் பாரும்மா! நான் கேக்குறேன். நீ வெளிய யார்கிட்டயும் பேசிக்கிறாத."

அவர் கேட்கிறவரை யார் பொறுப்பது? அருள்பாண்டி வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். படியிறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்ப்பா, எந்தத் தெருன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். அவளுக்கு அது திருட்டு முழியாகத்தான் தெரிந்தது.

"போனை எடுங்கக்கா. ஆபீஸ் வைஃபைய அமத்திட்டு, உங்க நெட்ல அதே ஃபாரத்தத் திறங்க."

திறந்தாள். ஊர்ப் பேரை அடித்தாள். கட்டம் வரவில்லை. இன்னொரு தரம் அடித்தாள். ஊஹூம்.

"ஆபீஸ்ல இருந்து திறந்தாத்தான் வரும்க்கா. போடச் சொன்னவரு ஆபீஸ்லதான உக்காந்திருக்காரு."

"யாரு போடச் சொன்னா?"

மாடியில் முதலாளி ரூம் ஜன்னலைத் தாடையால் காட்டினான்.

முத்துமீனாவுக்கு முகம் சுண்டிப் போனது. இவ்வளவு நேரம் அந்த மனுசனிடமா போய் நியாயம் கேட்டோம்!

"அப்ப லிஸ்ட்டுல அம்புட்டுப் பேரும் மேலத்தெருன்னு இருக்கே?"

"காலியா இருந்தா ஏன்னு கேப்பாருல்லக்கா. நான்தான் எல்லாருக்கும் நிரப்பி விடுறேன்."

"நான் எதுக்குய்யா என் தெருவ மாத்திச் சொல்லணும்?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீங்க எங்கக்கா சொன்னீங்க? உங்ககிட்டத்தான் யாரும் கேக்கவே இல்லையே. கேட்டவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கையில் கிடந்த கயிறைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, டீ கிளாஸை எடுத்தான்.

"எங்க ஊர்ல நாங்க மேலத்தெருதாங்க்கா. அகலமான தெரு. எல்லாரும் வரட்டும்."